காலை எடுப்பதற்கு முன் ஆஞ்சியோ பார்த்தார்களா?

இது நான் திருப்பிக் கேட்கும் கேள்வி. எனக்கு எழுதிக் கேட்டவர் வியாசர்பாடிக்காரர். அவருடைய அப்பாவுக்கு 64 வயது, தையற்காரர், 17 வருடமாகச் சர்க்கரை. புதுச் செருப்பு கடித்து வலது கால் பெருவிரலில் கொப்புளம் வந்தது. ஐந்து வாரத்தில் விரல் கறுத்துவிட்டது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. ஓர் ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்கிறார்கள். இன்னோர் இடத்தில் ஆஞ்சியோ (ரத்தக் குழாய்க்குள் சாயம் விட்டு எடுக்கும் படம்) செய்து, அடைப்பை விரிக்கும் பலூன் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது, பலூன் வைத்தால் எத்தனை வருடம் தாங்கும் என்பது அவருடைய கேள்வி. அப்பா ராத்திரியில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார் என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

நான் சென்னையில் ரத்தக்குழாய் அறுவை மருத்துவன். பைபாஸும் (அடைப்பைத் தாண்டி ரத்தம் போகச் சிரையால் மாற்றுப்பாதை போடுவது) செய்கிறேன், பலூனும் வைக்கிறேன், வேறு வழியில்லாதபோது காலையும் எடுத்திருக்கிறேன். எனக்குப் பிடிவாதம் ஒன்றில்தான்: பாதம் வரைக்கும் ரத்தம் எப்படிப் போகிறது என்று பார்க்காமல் யாருடைய காலையும் எடுக்கக் கூடாது. சீழ் மேலேறி, காய்ச்சல் வந்து, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து என்றால் அது வேறு விஷயம். அப்போது ஆஞ்சியோவுக்காகக் காத்திருக்க முடியாது. அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, விரல் காய்ந்துதான் கறுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பார்ப்பதற்கு நேரம் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில்தான்.

முட்டிக்குப் பின்னால் இறங்கும் ஒரே பெரிய குழாய் கெண்டைக்காலில் மூன்றாகப் பிரிகிறது. ஒன்று முன்பக்கமாக இறங்கிப் புறங்காலுக்கு வரும். இன்னொன்று உள்கணுக்காலுக்குப் பின்னால் சுற்றி உள்ளங்காலுக்குப் போகும். நடுவில் இருப்பது பெரோனியல். அது கணுக்கால் பக்கத்திலேயே முடிந்து, சின்னக் கிளைகளால் மற்ற இரண்டோடும் கைகோத்துக்கொள்ளும். மூன்றுமே இளநீர்க் கடை ஸ்ட்ராவை விட மெல்லியவை. 2 முதல் 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். பீடி, சிகரெட்டால் வரும் அடைப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் இருக்கும். சர்க்கரைக்காரருக்கு இந்த மூன்று குழாய்களில்தான் அதிகம். அதுவும் ஒரு இடத்தில் இல்லை, நீளமாக, சில சமயம் முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும். குழாயின் சுவரிலேயே சுண்ணாம்பு படிந்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில்கூட ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடுவது தெரியும்.

அந்தச் சுண்ணாம்பினால் பரிசோதனையிலும் ஏமாந்துபோவது உண்டு. கணுக்காலில் பிரஷர் பட்டி கட்டி, கையின் பிரஷரோடு ஒப்பிட்டு ஒரு விகிதம் சொல்வார்கள். 0.9க்குக் கீழே என்றால் அடைப்பு, 0.4க்குக் கீழே என்றால் மோசம். ஆனால் சுவர் கல்லாகிவிட்ட குழாயைப் பட்டியால் அழுத்த முடியாது. அதனால் உள்ளே ரத்தமே சரியாக ஓடாத காலிலும் விகிதம் 1.1, 1.4 என்று வரும். பூக்கட்டும் அம்மா ஒருவரை இப்படித்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்ததால் மூன்று மாதம் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்திருந்தார்கள். அவருடைய கால் விரலில் சின்னப் பட்டி கட்டிப் பார்த்தோம்: பிரஷர் 22 மி.மீ. விரல் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாது, அதனால் அந்த அளவை நம்பலாம். 30க்குக் கீழே இருந்தால் ரத்தம் சேர்க்காமல் புண் ஆறுவது கடினம். அப்பாவுக்கு விரல் பிரஷர் பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது வரிசை. இதில்தான் பல இடங்களில் தவறு நடக்கிறது. விரல் ஈரமாக, நாற்றத்தோடு, சீழோடு இருந்தால் முதலில் அதைத் திறந்துவிட வேண்டும், அன்றைக்கே. பிறகு ரத்த ஓட்டம். விரல் காய்ந்து, கரிக்கட்டை மாதிரி, ஓரம் தெளிவாக இருந்தால் தலைகீழ்: முதலில் ரத்த ஓட்டம், பிறகு விரல். ரத்தம் வராத காலில் விரலை மட்டும் எடுத்தால் அந்த வெட்டுக்காயமும் ஆறாது. அடுத்து இரண்டு விரல், அப்புறம் பாதி பாதம், அப்புறம் முட்டிக்குக் கீழே. இப்படிப் படிப்படியாகக் கால் இழந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது. அவர்களில் பலருக்கு முதல் விரலுக்கு முன்னாலேயே ஒரு ஆஞ்சியோ எடுத்திருந்தால் போதும்.

ஆஞ்சியோ என்றால் என்ன நடக்கும் என்று அப்பா பயப்படுவார். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். மயக்க ஊசி கிடையாது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஒரு ஊசி. அங்கிருந்து கீழ்நோக்கி மெல்லிய குழல் ஒன்றை ரத்தக் குழாய்க்குள் செருகுவோம். உறையாமலிருக்க ஹெப்பாரின் போடுவோம். மருந்துச் சாயம் விட்டுப் படம் எடுப்போம். சாயம் திரையில் கறுப்பாகத் தெரியும். கெண்டைக்கால் நடுவில் அந்தக் கறுப்புக் கோடு நின்றுவிடும். அதற்குக் கீழே திரை வெறிச்சோடி இருக்கும், இல்லையென்றால் சிலந்திக் கால் மாதிரி நாலைந்து கிளைகள் மட்டும் தெரியும். பாதம் வரைக்கும் படம் எடுக்கிறார்களா என்பது முக்கியம். கணுக்காலோடு நிறுத்திவிட்டு 'குழாயே இல்லை' என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் என்னிடம் வந்திருக்கின்றன. மெதுவாகச் சாயம் விட்டு, பொறுத்திருந்து பார்த்தால் புறங்காலில் ஒரு குழாய் லேசாகத் தெரியும். அதுதான் நமக்குப் பிடி.

பிறகு வயர். 0.014 அங்குலம், அதாவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்; தையல்காரருக்கு மெஷின் நூலைக் காட்டினாலே புரியும். அதை அடைப்புக்குள் திருகித் திருகி இறக்க வேண்டும். வேலையில் முக்கால்வாசி இதுதான். சில சமயம் வயர் அடைப்பை விட்டுச் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். அது தவறு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அந்த அடுக்கு வழியாகவே இறக்கி, கீழே நல்ல குழாய்க்குள் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று இப்போது தெரியும். ஐந்தில் ஒருவருக்கு வரை மேலிருந்து வயர் இறங்காமலே போகும். அப்போது பாதத்தில், நாடி ஓட வேண்டிய இடத்தில், சின்ன ஊசி குத்திக் கீழிருந்து இன்னொரு வயரை மேலேற்றுவோம். இரண்டும் நடுவில் சந்திக்கும். அப்பா போகிற இடத்தில் பாதத்திலிருந்து வயர் ஏற்றும் பழக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வயர் கடந்துவிட்டால் அதன் மேல் பலூன். 2, 2.5, 3 மில்லிமீட்டர் அகலம், ஆனால் 20 செ.மீ. வரை நீளம். இரண்டு மூன்று நிமிடம் ஊதி வைத்திருப்போம். அந்த நேரம் கெண்டைக்கால் எரியும், இறுக்கும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காலை ஆட்டாமல் இருந்தால் போதும். சுண்ணாம்பு கெட்டியாக இருக்கும் இடத்தில் பலூன் நடுவில் இடுப்பு மாதிரி சிறுத்து நிற்கும். அழுத்தம் ஏற்ற ஏற்ற, 'பொக்'கென்று நிமிரும். மறுபடி சாயம் விடும்போது கறுப்பு கீழே இறங்கி, பாதத்தில் ஒரு வளைவு வரைந்து, புண் இருக்கும் விரலைச் சுற்றி மங்கலாக ஒரு மூட்டம் படரும். அந்த மூட்டத்தைப் பார்க்கும் வரை நான் தொடையில் செருகிய குழலை எடுக்க மாட்டேன். பூக்கட்டும் அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரியே பாதம் சூடாகிவிட்டது. "டாக்டர், யாரோ கால் மேல போர்வை போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

எந்தக் குழாயைத் திறப்பது என்பதிலும் கணக்கு உண்டு. பெருவிரலுக்கும் புறங்காலுக்கும் முன்பக்கக் குழாய், உள்ளங்காலுக்கும் குதிகாலுக்கும் பின்பக்கக் குழாய் என்று பாதத்துக்கு ஒரு பங்கீடு இருக்கிறது. 1987ல் ஆஸ்திரேலியாவில் டெய்லர், பாமர் என்ற இரண்டு பேர் உடல் முழுவதற்கும் இப்படி ஒரு வரைபடம் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பெருவிரல் என்பதால் முன்பக்கக் குழாயைத் திறக்கத்தான் முயல்வார்கள். அது முடியவில்லை, பின்பக்கக் குழாய் திறந்து பாதத்தின் வளைவும் நன்றாக இருக்கிறது என்றால் அதுவும் போதும்.

எத்தனை வருடம் தாங்கும்? உண்மையைச் சொல்கிறேன். நீளமான அடைப்பில் பலூன் மட்டும் வைத்தால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று நாலு மாதத்திலேயே குழாய் மறுபடி சுருங்கிவிடும். 'அப்படியானால் எதற்கு இந்தச் செலவு, வலி?' என்று எல்லோரும் இந்த இடத்தில்தான் கேட்பார்கள். ஆறுவதற்குக் கேட்கும் ரத்தமும் ஆறிய தோலைக் காப்பாற்றக் கேட்கும் ரத்தமும் ஒன்றில்லை. புண் இருக்கும்போது பாதத்துக்கு நிறைய வேண்டும். மூடிய பிறகு அதில் ஒரு பங்கே போதும். வயலில் நாற்று பிடிக்கும் வரை தினமும் தண்ணீர் கேட்கிற மாதிரி. அந்த மூன்று நாலு மாதத்துக்குள் புண் மூடிவிட்டால், பிறகு குழாய் சுருங்கினாலும் பலருக்குக் கால் நிலைத்துவிடுகிறது. புண் மூடுவதற்குள் சுருங்கினால் மறுபடி ஒரு தடவை பலூன் வைக்கலாம். ஆகவே பலூன் வைத்த மறுநாளிலிருந்து ஓட வேண்டியது நீங்கள்தான்: விரல் எடுப்பது, டிரெஸ்ஸிங், புண்ணின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது, சர்க்கரை. பலூன் வைத்துவிட்டோமே என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டுப் பத்து வாரம் கழித்து வருபவர்கள், கிடைத்த அவகாசத்தையெல்லாம் வீணாக்கிவிட்டுத்தான் வருகிறார்கள்.

இதயத்துக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழல்) வைக்கிறார்களே, காலுக்கு ஏன் வைப்பதில்லை என்று அடுத்து கேட்பீர்கள். குட்டையான அடைப்பு, முட்டிக்குப் பக்கத்தில் என்றால் மருந்து பூசிய ஸ்டென்ட் வைப்பதுண்டு, பலனும் நன்றாக இருக்கிறது. ஆனால் 20 செ.மீ. அடைப்பு முழுக்க உலோகம் வைக்க முடியாது. கணுக்கால் பக்கம் வைத்தால் நடக்கும்போது நசுங்கிவிடும். கரைந்துபோகும் ஸ்டென்ட் ஒன்றை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024ல் அனுமதித்தது. 261 பேரிடம் நடந்த ஆய்வில் பலூனை விட நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் அவர்களுடைய அடைப்பின் சராசரி நீளம் 4, 5 செ.மீ.தான். மருந்து பூசிய பலூன் தொடைக் குழாயில் நல்ல பெயர் எடுத்தது. முட்டிக்குக் கீழே 2014ல் வந்த இன்.பேக்ட் டீப் ஆய்வு வேறு மாதிரி முடிந்தது. ஓராண்டில் கால் இழந்தவர்கள் மருந்து பலூனில் 8.8 சதவீதம், சாதாரண பலூனில் 3.6 சதவீதம். தற்செயலாகவும் இருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னாலும், அந்தப் பலூனை அந்த இடத்துக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். உங்களிடம் யாராவது 'இன்னும் கொஞ்சம் போட்டால் மருந்து பலூனே வைத்துவிடலாம்' என்றால், முட்டிக்குக் கீழே அது எதற்கு என்று கேளுங்கள்.

பைபாஸ் பற்றி ஒரே மாதிரி பதில் சொல்ல முடியாது. உலகத்திலேயே இன்னும் சண்டை ஓயவில்லை. 2022ல் வந்த பெஸ்ட்-சி.எல்.ஐ. ஆய்வில் 1,830 பேர். தொடையில் நல்ல நீளமான சிரை இருந்தவர்களுக்கு பைபாஸே மேல் என்று வந்தது. அடுத்த வருடமே பிரிட்டனை மையமாகக் கொண்ட பேசில்-2 வந்தது. அது குறிப்பாக முட்டிக்குக் கீழே அடைப்பு உள்ள 345 பேரைப் பார்த்தது. காலையோ உயிரையோ இழந்தவர்கள் பைபாஸ் பக்கம் 63 சதவீதம், பலூன் பக்கம் 53 சதவீதம். அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கால் இழப்பால் வந்ததில்லை, பைபாஸ் பக்கம் இறப்பு அதிகம் இருந்ததால் வந்தது. 17 வருடச் சர்க்கரை, சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்றால் நான் பலூனைத்தான் முதலில் வைப்பேன். ஐம்பது வயது, நல்ல இதயம், பாதத்தில் பெரிய புண், நல்ல சிரை என்றால் பைபாஸ் பக்கம் போவேன். நம் ஊரில் இன்னொன்று: இதயத்துக்கு பைபாஸ் செய்தவர்களுக்குக் காலின் சிரையை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை.

அப்பாவின் கிரியாட்டினின் 1.6 என்பதால் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் அதையே காரணமாக்கி ஆஞ்சியோவை மறுக்க வேண்டியதில்லை. முன்னும் பின்னும் சலைன் ஏற்றி, சாயத்தைக் குறைத்து, தொடை வரைக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் படம் எடுத்துச் செய்யலாம். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதை நிறுத்தலாமா என்று முன்னாலேயே கேளுங்கள். இரண்டு நாள் கழித்துக் கிரியாட்டினின் மறுபடி பார்க்க வேண்டும். மற்ற ஆபத்துகளும் உண்டு: தொடை இடுக்கில் ரத்தக்கட்டு, குழாயில் ஓட்டை, உறைந்த ரத்தக்கட்டி கீழே போய் அடைத்துக்கொள்வது. ஊசி குத்திய இடத்தில் வீக்கம் வளர்ந்தால், இடுப்புக்குப் பின்னால் வலித்தால் உடனே சொல்ல வேண்டும், விடியும் வரை பொறுக்கக் கூடாது. பாதம் சில நாள் வீங்கிச் சிவந்திருப்பது மட்டும் ரத்தம் திரும்பியதால் வருவது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

இந்தச் சிகிச்சை பிறந்ததே ஒரு பாட்டி காலைக் கொடுக்க மறுத்ததால்தான். 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாந்து. 82 வயது, விரல்கள் அழுகிப்போன இடது கால். எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் ஒப்பவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் தொடைக் குழாயின் சுருக்கத்துக்குள் ஒன்றை விட ஒன்று பெரிய குழல்களாகச் செருகி அகலப்படுத்தினார். புண் ஆறியது. இரண்டரை வருடம் கழித்து வேறு நோயால் இறக்கும் வரை அவர் சொந்தக் காலில் நடந்தார். பலூன் அதற்குப் பத்து வருடம் கழித்து, 1974ல் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக் என்ற மருத்துவர் கையில் வந்தது. இதயத்துக்குப் போனது 1977ல். முதலில் காலுக்குத்தான்.

பலூன் வைத்த பிறகு ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரல், கொழுப்புக்கு ஸ்டாட்டின் எழுதுவார்கள். சிலருக்கு ரிவராக்சபான் 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை சேர்ப்போம். எதையும் 'கால் சரியாகிவிட்டது' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். புகை இருந்தால் அன்றோடு விட வேண்டும். வெந்நீரில் கால் வைப்பது வேண்டவே வேண்டாம். உணர்ச்சி இல்லாத காலுக்கு வெந்நீர் கொதிநீராக இருந்தாலும் தெரியாது. பிளேடால் ஆணி சீவுவதும் அப்படியே. மெஷின் மிதிக்கும் வேலை என்பதால், புண் ஆறும் வரை மோட்டார் வைத்த மெஷினுக்கு மாறட்டும், அதையும் இடது காலால் அழுத்தட்டும். ஆறிய பிறகு எம்.சி.ஆர். செருப்பு, வீட்டுக்குள்ளும். அந்த மென்மையான ரப்பர் அடியை வேலூர்ப் பக்கம் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களுக்குப் பல வருடம் பயன்படுத்தி, அதன் அருமையைத் தெரிந்துகொண்டார்கள். இன்றைக்குச் சர்க்கரைக் கால்களை அதுதான் காப்பாற்றுகிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது, புண் இல்லை, ராத்திரி வலி இல்லை என்றால் முட்டிக்குக் கீழே பலூன் வேண்டாம். தினமும் வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதும், மாத்திரையும், புகையை விடுவதும்தான் வைத்தியம். நாற்பது வயதுக்குள், பீடி பிடிப்பவர், விரல் கறுக்கிறது என்றால் அது புகையிலையால் சின்ன ரத்தக் குழாய்கள் அடைபடும் பர்கர் நோயாக இருக்கலாம். அதில் எந்த பலூனை விடவும் பீடியை விடுவதுதான் காலைக் காப்பாற்றும்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் ரத்தக்குழாய் அறுவைத் துறை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் காப்பீட்டுக் கவுன்டரில் இந்தச் சிகிச்சை அங்கே திட்டத்தில் வருமா என்று கேட்டுவிட்டு அட்மிஷன் போடுங்கள். ராயபுரத்தில் 1954ல் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனையில் பாதத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டிரெஸ்ஸிங்குக்கும் செருப்புக்கும் அங்கே போகலாம்.

நாளைக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டு, கிரியாட்டினின் ரிப்போர்ட், பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். விரலை முதல் நாளிலிருந்து செல்போனில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். காலைத் தொங்கப் போட்டுத் தூங்குகிறார் என்று நீங்கள் கடைசியாக எழுதியதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். படுத்தால் ரத்தம் பாதத்துக்கு ஏறாமல் வலிக்கிறது, தொங்கவிட்டால் பாரத்தால் கொஞ்சம் இறங்குகிறது, அதனால்தான் அப்படித் தூங்குகிறார். அதைக் கேட்ட பிறகு எந்த ரத்தக்குழாய் மருத்துவரும் உங்களை அடுத்த வாரம் வரச் சொல்ல மாட்டார்.